பக்கத்துச் சீட்

"இந்த நாட்டில என்னை முதல் கட்டிப்பிடிச்ச ஆளின்ர பேர் எனக்குத் தெரியாது அண்ணை."

லண்டனில், இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்களில் இளையவர் இப்படிச் சொன்னார். அவருக்கே ஐம்பது வயதிருக்கும்.

"ஆரது?" என்றார் மற்றவர்.

"ஐஸ் ஹாக்கி பாக்க வாற ஒரு வெள்ளைக்காரி. நான் அகதியா வந்த புதுசு. மழைக்கு ஒதுங்கி, மேட்ச் நடந்த ஒரு மண்டபத்துக்குள்ள போனனான். எங்கட ஏரியா டீம் கோல் அடிச்சவுடன, பக்கத்தில நிண்ட மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சுக் கத்தினா. பிறகு வருசக்கணக்கா பக்கத்துப் பக்கத்துச் சீட்தான்."

"பேர் கேக்கேல்லையோ?"

"அடுத்த மேட்சுக்கும் வருவா எண்டு விட்டிட்டன். டீம் கைமாறிச்சு, பேர் மாறிச்சு, தோத்துக்கொண்டே போச்சு. நாங்கள் ரெண்டு பேரும் விடேல்லை. கடைசியா மண்டபத்தை இடிச்சு பிளாட் கட்டினாங்கள். டீமும் இல்லாமப் போச்சு."

"இப்ப எங்க போறீர்?"

"வேற டீமின்ர மேட்சுக்கு. அவவால ஹாக்கி பாக்காம இருக்க ஏலாது. எங்கயாவது ஒரு மேட்சுக்கு வரத்தானே வேணும்."

"அவ்வளவு சனத்துக்குள்ள எப்பிடிக் கண்டுபிடிப்பீர்?"

"அவ கத்திற சத்தம் எனக்குத் தெரியும் அண்ணை."

அடுத்த ஸ்டேஷனில் இளையவர் மட்டும் இறங்கிப் போனார்.