வளைவில் திரும்பிய தாளம்

கண்ணைத் துடைத்துக்கொண்டே இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஜீப் ஓட்டுநர் சங்கத் தலைவர், பெரியவர் சின்னச்சாமி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் குழுவின் பாடகி சிவரஞ்சனி அவர்களே! முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் கன்னையனின் மனைவி, எனக்குத் தங்கை போன்ற கற்பகம் அவர்களே! மலைத் தோட்டத்து ஏலக்காய் எடுப்புக்கு இன்று லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! குரங்கணியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கும் டிரைவர் தம்பிமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யோகராஜ். போடியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறேன். 'பதினேழாம் வளைவு' இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பேசிப் பழக்கம் இல்லாதவன். தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் 'மெட்டுக்காத்து' பாட்டைச் சொன்னார்கள். அந்தப் பாட்டில் கொங்கா மேள வேந்தர் கன்னையனின் கை என்ன பேச்சுப் பேசுகிறது என்று புகழ்ந்தார்கள். கூட்டம் தொடங்கும்போதும் அதைத்தான் போட்டார்கள். நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். நான் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு சுற்றுலாக் கப்பலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பலில் கியூபா நாட்டுக்காரர்கள் தினமும் சாயங்காலம் வாசிப்பார்கள். கிட்டாரும் அவர்களுடைய கொங்கா மேளமும் சேர்ந்து கேட்டால் கழுவுகிற தட்டு கையில் நிற்காது. ஊர் திரும்பும்போது வேறு எதுவும் வாங்கவில்லை. ஒரு ஜோடி கொங்கா வாங்கி வந்தேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இந்த மேடையில் சொல்ல முடியாது!

அதைத் தட்ட ஊரில் ஆள் இல்லை. ஒருநாள் கடைக்கு ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்தார் ஜீப் டிரைவர் கன்னையன். மேளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னாண்ணே இது, நம்ம உறுமிக்கு ஒண்ணுவிட்ட தம்பி கணக்கா இருக்கு" என்றார். உட்கார்ந்தார். தட்டினார். ஐயா, தெருவில் போன பஸ்சு நின்றது! பொய் சொல்லவில்லை, டிரைவர் இறங்கி வந்து கேட்டார். "அண்ணே, சவாரி கெடக்கு, வெரசாப் போகணும்" என்று சொல்லிச் சொல்லியே அன்றைக்கு இரண்டு மணி நேரம் வாசித்தார். அன்று பிறந்ததுதான் எங்கள் குழு.

கப்பலில் கேட்ட அந்த லத்தீன் ராக் இசை என்றால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்? ரேடியோவில் போட்டார்களா? டிவியில் காட்டினார்களா? கல்யாண வீட்டில்கூட எங்களைக் கூப்பிடவில்லையே! வழி கண்டுபிடித்தவர் கன்னையன்தான். "காலையில எத்தனை ஜீப்பு மலைக்கு ஏறுது? ஒவ்வொண்ணுலயும் பத்துப் பன்னெண்டு பொம்பளையாளுக. ரெண்டு மணி நேரம் சும்மாதேன் உக்காந்து வாராக. அவுகளுக்குப் போடுவோம்ணே" என்றார். என் கடையின் பின்னறையில் ஒற்றை மைக்கை வைத்து 'மெட்டுக்காத்து' பதிவு செய்தோம். நாற்பது பென்டிரைவில் ஏற்றி நாற்பது ஜீப்பில் கொடுத்தோம். பிடிக்காத பாட்டுக்கு "மாத்துப்பா" என்று அதட்டுகிற தாய்மார்கள், இந்தப் பாட்டுக்கு மட்டும் "இன்னொருக்காப் போடு" என்றார்கள். எங்களைத் தூக்கிவிட்டவர்கள் நீங்கள்தான், வேறு எவரும் இல்லை.

அந்தப் பாட்டில் ஒரு சங்கதி இருந்தது. கன்னையன் வாசிப்பு ஒரே வேகத்தில் போகாது. வளைவு வந்தால் கியரைக் குறைப்பது போலக் கொஞ்சம் பின்வாங்கும், திரும்பும், பிறகு மூச்சுப் பிடித்து ஏறும். இருபது வருஷம் பதினேழு வளைவு உள்ள நம் மலைச்சாலையில் வண்டி ஓட்டிய கை அல்லவா!

பிறகு எனக்கு ஆசை வந்தது. உலகம் பூராவும் கேட்க வேண்டும், இணையத்தில் விட வேண்டும் என்று அதே பாட்டை மறுபடி பதிவு செய்யக் கொச்சிக்குப் போனோம். பெரிய ஒலிப்பதிவுக் கூடம். காதில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தத்தைப் போட்டு, அதோடு ஒட்டி வாசிக்கச் சொன்னார்கள். கன்னையனால் முடியவில்லை. மூன்று நாள் வாசித்தார். விரல் வெடித்து, துணி சுற்றிக்கொண்டு வாசித்தார். "சேட்டா, டெம்போ நில்க்குன்னில்ல" என்றார் அந்தப் பொறியாளர். வேகம் நிற்கவில்லையாம். அவர் தன் வேலையைச் செய்தார், அவர் மேல் குற்றமில்லை. "கம்ப்யூட்டர்ல கொங்கா இருக்கு, வைக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். சரி என்று சொன்னது இந்த வாய்தான்!

ஆமாம், பெரியோர்களே. ஊரெல்லாம் புகழ்கிற அந்தத் தாளம் கன்னையன் வாசித்தது இல்லை. அது எந்திரம் வாசித்தது.

அவரிடம் நான் சொல்லவில்லை. பாட்டு வெளியாகி லட்சம் பேர் கேட்டார்கள். டீக்கடையில் அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். சுருளியம்மாள் அக்கா, காய் எடுப்புக்குப் போகிற வழியில், கன்னையன் ஜீப்பில் நீங்கள்தான் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "பாட்டு நல்லாத்தேன் இருக்கு அப்பு. ஆனா வளைவுல திரும்ப மாட்டேங்குதே" என்றீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். ஸ்டியரிங்கில் இருந்த கன்னையன், "காதுல பஞ்சு வச்சிருக்கியா ஆத்தா? எல்லாம் திரும்புது, பேசாம வா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன் கை தனக்குத் தெரியாதா? ஒரு தரமாவது என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கிற மாதிரி நான் நடந்துகொண்டேனா? பாவி, அதற்கும் நான் இடம் கொடுக்கவில்லையே!

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. புதுப் பதிவு வந்த வாரம், நானே ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு ஜீப்பாக ஏறி இறங்கினேன். பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பழையது தரமில்லை, குழுவின் பெயர் கெட்டுப்போகும் என்றேன். கடைக் கம்ப்யூட்டரிலும் அழித்தேன். கடைசியாகக் கன்னையன் வண்டிக்குப் போனேன். பென்டிரைவைத் தானே கழற்றி, சட்டையில் துடைத்து, "இந்தாங்கண்ணே" என்று என் கையில் கொடுத்தார். வாங்கினேன். அழித்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, மலையடிவாரத்து முந்தலில் வண்டியை ஓரம் கட்டி, "எல்லாரும் எறங்குங்க, எனக்கு என்னமோ செய்யுது" என்று பன்னிரண்டு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டு, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்தார் என் தம்பி. நாற்பத்தாறு வயது. அது சாகிற வயதா?

நேற்று கற்பகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் அவரைப் புகழ்கிறதே, இந்த நேரத்தில் அதைக் கெடுக்கலாமா, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அழவில்லை. "சொல்லிருங்கண்ணே. அவுக வாசிக்காததுக்கு அவுகளுக்கு மாலை வேணாம்" என்றது. அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் குழு சார்பில் உறுதி சொல்கிறேன். அந்தப் பாட்டை இன்று காலையிலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டோம். இனி எந்த மேடையிலும் எந்திரத் தாளத்தோடு அதைப் பாட மாட்டோம். குழு நின்றுவிடாது. புதுப் பாட்டுகள் செய்வோம், முதலில் உங்கள் ஜீப்புக்குத்தான் கொண்டு வருவோம். வாசிக்கிறவர் பெயர் ஒவ்வொன்றிலும் இருக்கும், வாசிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அப்படியே இருக்கும். ஆனால் 'மெட்டுக்காத்து'க்குக் கன்னையன் கை வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?

டிரைவர் தம்பிமார்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து, பழைய பாட்டு இருக்கிற பென்டிரைவ் கிடக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் பாருங்கள். விற்ற வண்டியாக இருந்தால் வாங்கினவரைக் கேளுங்கள். நாற்பதையும் அழித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னவன் நான். நான் எண்ணியது தப்பாக இருக்க வேண்டும், ஒரு வண்டியாவது எனக்குத் தப்பியிருக்க வேண்டும் என்று பதினேழு வளைவுச் சாமிகளையும் வேண்டிக்கொண்டு நிற்கிறேன். தேடிப் பாருங்கள், ஐயா.