முகத்துவாரத்துத் தண்ணீர்

“அந்தக் கேனை என் காலாண்ட வைக்காதீங்க. அதுல இருக்கிறது சாக்கடை.”

செஞ்சியைத் தாண்டிய திருவண்ணாமலை பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த பெண் கணவனிடம் சொன்னாள். அவள் மடியில் மகள் துவண்டு கிடந்தாள்.

“கடல் தண்ணியைப் போய் சாக்கடைன்றியே.”

“மழை விட்டு ஒரு நாள்கூட ஆகல. ஊர்க் கழிவெல்லாம் அடிச்சிக்கினு ஆத்துல வருது. தண்ணி கருப்பா இருக்குதுனு சொன்னேன்ல? ஆறும் கடலும் சேர்ற எடம், அமாவாசைக்கு விசேஷம்னு புள்ளைய மூணு வாட்டி அமுக்குனீங்க.”

“எல்லாரும்தான் முழுவுனாங்க.”

“இது குடிச்சிருச்சே. ராத்திரியெல்லாம் வாந்தி, பேதி. மழைக்கு அப்புறம் அங்க கிருமி ஜாஸ்தினு டாக்டர் சொன்னாரா இல்லியா?”

“அம்மா வர முடியல. தலையில தெளிச்சிக்கக் கேட்டுச்சு.”

“உங்கம்மா தெளிச்சிக்கினு நிறுத்தாது. தீர்த்தம்னு ஒரு வாய் குடிக்கும்.”

மூடியைத் திருகி, கேனை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள்.

“அம்மாவுக்கு நான் என்னாடி சொல்றது?”

“கீழ்பென்னாத்தூர்ல கல்லுப்பு வாங்குங்க. நல்ல தண்ணில கலந்து, கடல் தண்ணினு உங்கம்மாவுக்குக் குடுப்போம். உங்க தீர்த்தத்தவிட அதுக்குப் புண்ணியம் ஜாஸ்தி.”

நேற்று அந்த முகத்துவாரத்தில் நானும் நின்றேன். நாற்றம் தாங்காமல் தள்ளிப் போய்க் குளித்தேன். அவன் குழந்தையோடு இறங்குவதைப் பார்த்தேன். நாற்றத்தின் காரணம் தெரிந்த படித்தவன் நான், அவனை எச்சரித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழ்பென்னாத்தூரில் அவன் இறங்கி, உப்புப் பாக்கெட்டோடு ஏறினான். நேற்றே பார்த்தேன் என்று அப்போதும் நான் அவனிடம் சொல்லவில்லை.