ரெண்டு த்ரீ நாட் த்ரீ

ராஜபாளையத்தில் ஏறிய மதுரை பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு இளம் போலீஸ்காரரும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க ஸ்டேஷன் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக்கு எங்க அப்பாவ விட வயசு கூட, அண்ணாச்சி. என்னா கனம்!”

“குறை சொல்லாத தம்பி. சீனாக்காரன் சண்டையில எங்க கையில அதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட இழுத்துச் சுடணும். பனியில வெரலு இரும்போட ஒட்டி, தோலு பிஞ்சு வரும்.”

“அப்பிடியா!”

“பின்வாங்கச் சொன்னாக. கூட்டாளிக்குத் தொடையில குண்டு. ஸ்ட்ரெச்சர் கிடையாது. ரெண்டு துப்பாக்கியில குண்ட எடுத்துட்டு, ரெண்டு கோட்டுக் கைக்குள்ள சொருகி, அவனப் படுக்கவச்சு மூணு நாளு தூக்குனோம். அம்புட்டு பாரத்துக்கும் அது வளையவே இல்ல.”

போலீஸ்காரர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“ஆளு பொழைச்சாரா?”

“கிருஷ்ணன்கோவில்ல ஏறுவான், பாரு. அவன் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கத்தான் போறோம்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறினார். போலீஸ்காரர் சட்டென்று எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தன் இடத்தைக் காட்டினார்.

வந்தவர் திகைத்துப்போய் நண்பரைப் பார்த்தார்.

“ஏலே, இவருகிட்ட என்னலே சொல்லி வச்ச?”