றஹ்மத் உம்மாட வாய்க்கால்

மர்ஸூக்: அழாத ஜுனைதா. கோட்டு வாசல்ல எல்லாரும் பாக்குறாங்க.

ஜுனைதா: பாக்கட்டும். கண்டல் மரத்த வெட்டச் சொன்னது முதலாளி. எறால் பண்ணையும் அவருக்கு. மறியல்ல அடைபட மட்டும் என்ட மாப்புள நீங்களா?

மர்ஸூக்: மரத்தப் பெரட்டின பெக்கோ மெசின்ல குந்தியிருந்தது நான்தானே. கையும் களவுமாப் புடிச்சாங்க.

ஜுனைதா: உப்பளத்துக்குப் போறன் எண்டுதானே சோத்துப் பார்சல வாங்கிட்டுப் போனீங்க?

மர்ஸூக்: பெக்கோ ஓட்டப் போறன் எண்டா சோறு தந்திருப்பியா?

ஜுனைதா: மண்ணள்ளித் தந்திருப்பன். நான் நண்டு புடிக்கிற எடம் அது.

மர்ஸூக்: அதான் சொல்லல்ல.

ஜுனைதா: இப்பயாவது ஜட்ஜுக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. முதலாளிதான் அனுப்பினாரு எண்டு...

மர்ஸூக்: கடுதாசி இரிக்கா? லோயரும் அவர்ட ஆள்தான். குத்தத்த ஏத்துக்கிட்டா இண்டைக்கே முடியுமாம்.

ஜுனைதா: எது முடியும்? நேத்து வேற பெக்கோ வந்து மிச்சத்தையும் பெரட்டிட்டுப் போயிட்டுது. வழக்குப் பேசுங்க. சாட்சியளக் கூப்புடட்டும்.

மர்ஸூக்: வேணாம்.

ஜுனைதா: ஏன்?

மர்ஸூக்: வேணாம் எண்டா வேணாம்.

ஜுனைதா: முதலாளி எண்டா இவ்வளவு பயமா? ஆம்புளதானா நீங்க?

மர்ஸூக்: இல்ல எண்டே வெச்சுக்க. தண்ணி குடி.

ஜுனைதா: தண்ணி ஒண்டும் வேணாம்... வன இலாக்காவுக்குப் போன் பண்ணின ஆள்... பெக்கோவ நிப்பாட்டத்தானே பண்ணியிருக்கும்? உள்ளுக்கு ஆரு எண்டு அதுக்கு எப்புடித் தெரியும்?

மர்ஸூக்: தெரியாதுதான். நான் ஏசினேனா?

ஜுனைதா: முதலாளி அந்த ஆளத் தேடுறாராமே.

மர்ஸூக்: தேடுறாரு. அதான் கெதியா முடிக்கோணும்.

ஜுனைதா: அவர் தேடினா ஒங்களுக்கென்ன?

மர்ஸூக்: போன்ல சொன்ன எடத்த வழக்குத்தாள்ள அப்புடியே எழுதியிரிக்காங்க. 'றஹ்மத் உம்மாட வாய்க்கால்'. மெப்புல இப்புடி ஒரு பேர் இல்லியே, எங்க இது எண்டு லோயர் கேட்டாரு.

ஜுனைதா: அல்லாஹ்... நீங்க என்ன சொன்னீங்க?

மர்ஸூக்: கேள்விப்பட்டதே இல்ல எண்டன். வழக்கு இழுபட்டா ஊருக்குள்ள கேப்பாரு. நண்டு புடிக்கிற பொம்புளயள், நல்ல வாய்க்காலுக்கு அத மொதல்ல கண்டுபுடிச்சவட பேர வெச்சு, வெளிய மூச்சு உட மாட்டீங்களே. அந்தப் பேர நான் ரெண்டு பேர்ட வாயிலதான் கேட்டிரிக்கன், ஜுனைதா. ஒன்ட உம்மா மௌத்தாகி ஆறு வருசம்.