கரோல் பாக் வீட்டில் சியாமளா தட்டிய கதவு

அவையை அழகுற நடத்தும் தலைவர் பத்மநாபன் அவர்களே! அரசுப் பணியில் நரைத்தும் அன்பில் நரைக்காத பெரியோர்களே! வீடு தேடி அலைந்த காலத்தையும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அலைகிற காலத்தையும் ஒருங்கே கண்ட தாய்மார்களே! மெட்ரோ நெரிசலில் நசுங்கியும் சிரித்த முகத்தோடு வந்திருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

வீட்டுக்காரருக்கு வரும் வேதனைகள் எத்தனை, எத்தனை! ஒழுகும் கூரை, உடையும் குழாய், ஒத்துவராத அண்டை வீடு! அங்கே ஓர் அம்மா, ‘குடிவந்தவங்க காலி பண்ண மாட்டேங்கறாங்களே, அதைச் சொல்லுங்க’ என்கிறார். அதைத்தான் சொல்ல வந்தேன், தாயே!

நம்மில் ஒருவர் சியாமளா. ஓய்வுபெற்றபோது வந்ததையெல்லாம் கொட்டி, நம் தில்லியின் கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார். தரகர் வெங்கி மூலம் ரோஹிணி என்ற இளம்பெண் வாடகைக்குக் குடிவந்தாள். கணவனை இழந்தவள், கிரைண்டரில் மாவரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தன் மகளை வளர்ப்பவள்.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. கிரைண்டரின் அதிர்வு வேறு! கீழ்வீட்டுக்காரர் கொதித்தார். சியாமளா காலி செய்யச் சொல்லியனுப்பினார். ரோஹிணி மறுத்தாள்.

வெங்கி வழி சொன்னார்: “மேடம், மொட்டை மாடி வால்வை மூடிடுங்க. தண்ணி இல்லேன்னா ஜல்தி காலி பண்ணிடுவா.”

கோபத்தோடு மாடியேறினார் சியாமளா. வால்வில் கை வைத்தார். கீழே ரோஹிணியின் குழந்தை குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குரல் கேட்டது. திருகுமா அந்தக் கை? திருகவில்லை! இறங்கி வந்து, முதல் முறையாக அந்தக் கதவைத் தட்டினார்.

பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ரோஹிணி. “சாமானை வெளிய போடத்தானே வந்திருக்கீங்க, ஆன்ட்டி?”

“இல்லம்மா. எங்க ஒழுகறதுன்னு காட்டு.”

குளியலறைச் சுவர் ஊறிப் போயிருந்தது. “உள்ள பைப் கசியுது. வெங்கி அங்கிள்கிட்ட சொல்லிண்டே இருந்தேன். அச்சா, அச்சான்னார், அவ்வளவுதான்.”

அதில் ஒரு வார்த்தையைக்கூட வெங்கி சியாமளாவிடம் சொல்லவில்லை!

“பைப் என் பொறுப்பு, நான் மாத்தறேன். ஆனா கிரைண்டர் மாடியில வேண்டாம்மா, கீழ இருக்கறவா பாவம்.”

“அதை நிறுத்தினா நாங்க எப்படிப் பொழைக்கறது?” ரோஹிணி கேட்டாள்.

“யாரு நிறுத்தச் சொன்னா? வா, தரைத்தளமா ஓர் இடம் தேடலாம்.”

தேடினார்கள், தோழர்களே, இருவரும் சேர்ந்தே தேடினார்கள்! ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடையொன்றின் பின்னறை கிடைத்தது. கிரைண்டர் அங்கே போனது. குழாய் மாறியது. கூரை காய்ந்தது. கொதித்த கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மகளை அழைப்பதுபோல், “பேட்டி, தோசை மாவு இருக்கா?” என்று கேட்டார். ரோஹிணி அதே வீட்டில் இருக்கிறாள். புது ஒப்பந்தத்தை இருவரும் அருகருகே அமர்ந்து படித்துக் கையெழுத்திட்டார்கள்.

எல்லாக் குடித்தனக்காரரும் ரோஹிணி ஆவார்களா? மாட்டார்கள். ஏமாற்றுவோரும் உண்டு, அவர்களுக்கு நீதிமன்றம் உண்டு. ஆனால் தண்ணீரை நிறுத்துவதைச் சட்டமும் ஏற்காது, மனமும் ஏற்காது! வழக்குக்கு முன் வார்த்தை வேண்டும். வக்கீல் போகுமுன் நாமே போக வேண்டும். வீடு வாங்கத் துணிந்த நமக்கு, அந்த வீட்டில் வாழ்பவரோடு பேசவா துணிவில்லை? உண்டு! இந்த அரங்கமே அதிரச் சொல்வேன், உண்டு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, உங்கள் வீடுகளிலும் அவற்றில் குடியிருப்போர் உள்ளங்களிலும் அமைதி தங்கட்டும் என வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.