தொட்டிச் சேனல்

ஐயா, என் மேசையும் திரையும் எப்போதும் துடைத்து வைத்தமாதிரி இருக்க வேண்டும் எனக்கு. அதனால்தான் அந்த ‘ஓ’க்கள் என்னைப் பேஜார் செய்தன.

ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனியில் எல்லாப் பகுதிக்காரர்களும் வாக்கி டாக்கியில் பேசுவார்கள். அத்தனை பேச்சையும் ஒரே ரேடியோப் பெட்டி காற்றிலிருந்து வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும். அதைச் சேனல் சேனலாகப் பிரிப்பது நான் எழுதிய மென்பொருள். யாராவது ஆபத்தில் வாக்கி டாக்கியின் சிவப்புப் பட்டனை அழுத்தினால் சைரன் அலற வைப்பதும் அதுதான். வருகிற வேகத்துக்குக் கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் தரவு வழிந்து வீணாகும். அப்போதெல்லாம் திரையில் ‘ஓ’ என்று ஓர் ஆங்கில எழுத்து விழும். டீ நேரத்தில் திரை முழுக்க ‘ஓ’தான்.

காரணத்தைக் கண்டுபிடித்தேன். எல்லாப் பேச்சையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தார் மேனேஜர் சம்பத். டிஸ்க் ஒரு பேச்சை எழுதி முடிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்து நின்றது. பதிவை நிறுத்தலாமா என்று கேட்டேன்.

“டீ டைம்ல யார் இன்னா பேசுறாங்கன்னு எனக்குத் தெரியணும்ப்பா. நீ வேற வழி பாரு” என்றார். அதற்குமேல் பேச எனக்குத் தைரியம் இல்லை.

வேறு வழி இருந்தது. நெருக்கடி வந்தால் ஒரு சேனலை மட்டும் பிரிக்காமல், அதில் எது வந்தாலும் விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தேன். ஏற்றுமதிப் பிரிவை விட்டால் உடனே போன் வரும். கழிவுநீர்த் தொட்டிக்காரர்கள் பேசுவதே கம்மி, புகார் சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் சேனலை அந்த வரியில் போட்டேன். ‘ஓ’ நின்றது. சம்பத் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொட்டி வேலைக்காரன் ஆதிகேசவன் உள்ளே இறங்கியது ஒரு டீ நேரத்தில். மேலே வாக்கி டாக்கியோடு நின்றது அவன் மனைவி எல்லம்மா. அவன் விஷவாயுவில் சாய்ந்ததும் அவள் பட்டனை அழுத்தினாள், ஐயா. என் வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சைரன் வரவில்லை. தோல் பதனிடும் டிரம் ஓடுகிற சத்தத்தில் அவள் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஆள் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். தொட்டிச் சேனலில் ஒரு சத்தமும் இல்லை. பயத்தில் பட்டனை அழுத்தாமல் நின்று புருஷனைச் சாகவிட்டாள் என்று ஊரே பேசியது. மாமியார் வீட்டில் அவளைச் சேர்க்கவில்லை. நான் யாருக்கும் சொல்லாமல் அந்த வரியை அழித்துவிட்டேன். செய்தது பாவம் என்று என் மனசுக்குத் தெரிந்தது. நீங்கள் வேறெதை நம்பாவிட்டாலும் அதை நம்புங்கள்.

காரியம் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள்.

“சார், நான் அமுக்கினேன் சார். அமுக்கினேன்னுதான் நெனைக்கிறேன். எல்லாரும் சொல்லச் சொல்ல இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது.”

அவளுக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும் போலிருந்தது. வாக்கி டாக்கியை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். கம்பெனி முழுக்கச் சைரன் அலறியது. அவள் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியாம்மா, அமுக்கினா வருது” என்றேன். அவள் மனம் நோகக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னேன், ஐயா.