சட்டமன்ற உறுப்பினரைத் தூக்கத்தோடு கடத்தியதாகச் சொல்லப்படுவது குறித்து

என் பெயர் லூயிஸ், வயது 59, தந்தை பெயர் அருளப்பன், கருவடிக்குப்பத்தில் குடியிருக்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் எழிலரசன் அவர்களுக்குப் பல வருடமாகக் கார் ஓட்டுகிறேன். நிலாவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தைப் புதுச்சேரிக்குள்ளேயே ஓட்டி முடித்தவன் நான். சப்-இன்ஸ்பெக்டர் துர்கா அவர்கள் மிகைப்படுத்தாமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டதால், நிறைய தூரம் ஓட்டியிருக்கிறேன் என்று திருத்திச் சொல்கிறேன்.

கடற்கரை மேம்பாட்டு மசோதா என்று ஒன்று சட்டமன்றத்துக்கு வந்திருக்கிறது. அது அப்படியே நிறைவேறினால் பிள்ளைச்சாவடியில் கருவாடு காயவைக்கும் மணல்திடல் ஓட்டல்காரர்களுக்குப் போய்விடும். என் தங்கை அந்தோணிமேரிக்கு அந்தத் திடல்தான் சோறு. திடலை விட்டுவிட வேண்டும் என்று எங்கள் அய்யா ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். பெயரைக் கூப்பிடும்போது கொடுத்தவர் அவையில் இல்லாவிட்டால் திருத்தம் அத்தோடு செத்தது.

விவாதம் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. நேற்று செவ்வாய்க்கிழமை காலை அலுவல் ஆய்வுக் குழு கூடி, அதை அன்று மதியமே எடுப்பதென்று மாற்றியது. டிரைவர்கள் நிற்கும் இடத்தில் இருக்கும் ஸ்பீக்கரில் அறிவிப்பைக் கேட்டேன். அந்தக் குழுவில் அய்யாவும் ஒருவர்.

அதன் பிறகு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அய்யா, "லூயிஸண்ணே, மத்தியானத்துல எவன் வரப்போறான்? நாலு மணிக்கு மேல எழுப்புங்க போதும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். எங்கள் ஊரில் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுப்பது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம். எமனே வந்தாலும் சாயந்திரம் வா என்று அனுப்பிவிடுவார்கள். சட்டமன்றமும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பியது என் தப்பு.

அதன் பிறகு சக டிரைவர் கொளஞ்சி போனில், "யோவ், மந்திரி எழுந்து பேச ஆரம்பிச்சிட்டாரு. உங்காளு எங்கய்யா?" என்று கேட்டான். நான் மாடிக்கு ஓடினேன். கதவுக்கு உள்ளே அய்யா போனில் யாரிடமோ, "முடிஞ்சிடுச்சா? இன்னும் எவ்ளோ நேரம் நான் படுத்துக் கெடக்கணும்?" என்று கேட்பது காதில் விழுந்தது. கதவைத் தட்டினேன். பேச்சு நின்று குறட்டை ஆரம்பித்தது. அந்தக் குறட்டைக்குக் கலங்கரை விளக்கமே ஒரு முழம் தள்ளி நின்றிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. கட்டிலில் தலையணை இல்லை, நாற்காலியில் இருந்தது.

அதன் பிறகு நான், "அய்யா, பிள்ளைச்சாவடி பொம்பளைங்க கூடையோட வாசலுக்கு வர்றாங்களாம்" என்று சொன்னேன். அது பொய். என் ஆயுளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்ததால், இந்த வாரத்தில் என்று திருத்திக்கொள்கிறேன். குறட்டை நின்றது. அய்யா பின்வாசல் வழியாகக் காரில் ஏறி, "திண்டிவனம் ரோட்டுல போங்க" என்றார். நான் சட்டமன்றத்துக்குப் போகும் முத்தியால்பேட்டைப் பக்கம் திருப்பினேன்.

அதன் பிறகு அய்யா, "லூயிஸண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றார், பிறகு, "யோவ், திருப்புய்யா" என்றார், பிறகு மச்சான் கமலக்கண்ணனுக்குப் போன் போட்டு, "என்னக் கடத்திக்கினு போறான்டா" என்றார். பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தது உண்மை. சிவப்பு விளக்கு ஒன்றைத் தாண்டினேன், அதற்கு அபராதம் கட்டுகிறேன்.

அதன் பிறகு சட்டமன்ற வாசலில் நான் கதவைத் திறந்ததும் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். அய்யா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "என் மீனவச் சகோதரிகளுக்காகத் தூக்கத்த உதறிட்டு ஓடி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தன் சொந்தக் காலில் உள்ளே போனார். பெயரைக் கூப்பிட்டபோது இருந்தார், பேசினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்து பேசியதால் நேரம் முடிந்து, ஓட்டெடுப்பு வெள்ளிக்கிழமை மதியத்துக்குத் தள்ளிப்போனது.

அதன் பிறகு சாயந்திரம் கமலக்கண்ணன் என் மேல் கடத்தல் புகார் கொடுத்தார். புகாரில் அய்யாவும் கையெழுத்துப் போட்டிருப்பதாக இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். என்னை வியாழக்கிழமை வரை எத்தனை லாக்கப்பில் வேண்டுமானாலும் வையுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வெளியே விடுங்கள். அன்றைக்கும் அய்யா சாப்பிட வீட்டுக்கு வருவார்.

குறட்டையின் அளவு நீங்கலாக மேலே உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டினார்கள், கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
அ. லூயிஸ்